தட்டில் திரும்பி வந்த ஆப்பிள்

அந்த ஆப்பிளை யாரும் தின்னவில்லை. ஆண்கள் வார்டின் ஜன்னல் கட்டையில், பிளாஸ்கிற்கும் மாத்திரை டப்பாவுக்கும் நடுவே அது உட்கார்ந்திருந்தது. தோலில் ஒட்டியிருந்த பழக்கடைச் சீட்டு ஓரம் பிரிந்து சுருண்டுவிட்டது. காம்பைச் சுற்றிச் சுருக்கம் விழத் தொடங்கியிருந்தது.

"இன்னாமே, அத்த அறுத்துக் குடேன். அயுவிப் போவப் போவுது" என்றார் பச்சமுத்து, மல்லாந்து படுத்தபடியே.

"கைய வெக்காத. அது டாக்டரு குடுத்தது. வூட்டுக்குப் போயி சாமி படத்தாண்ட வெச்சிட்டு அப்பால துண்ணலாம்."

"சாமி எங்கத் துண்ணப் போவுது? எனக்குப் பல்லு கீது, நான் துண்றேன்."

"பல்லு மட்டுந்தான் கீது. எல்லாத்தையும் அங்க டிராக்டராண்டயே உட்டுட்டு வந்துட்ட" என்றாள் அவர் மனைவி பாஞ்சாலி. பக்கத்துக் கட்டிலில் புருஷனுக்குத் துணையாக இருந்த மாகறல் கிராமத்துச் சிட்டம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அறுவடை முடிந்த கழனியில் மெஷின் சுருட்டிப் போட்ட வைக்கோல் உருளைகளை டிராக்டரில் ஏற்றும்போதுதான் பச்சமுத்து விழுந்தார். மேலே நின்று அடுக்கிக்கொண்டிருந்தவர். பனி காயாத காலை. ஈர வைக்கோலில் கால் வழுக்கி, வரப்பின் மேட்டில் இடுப்பு மோத விழுந்து, எழுந்திருக்கப் பார்த்து முடியாமல், "மாட்ட கட்டிட்டியா?" என்று கேட்டாராம். மாடு விற்று வருஷக்கணக்காகிறது. அப்போதே பாஞ்சாலிக்குப் பாதி உயிர் போய்விட்டது.

அவர்கள் ஊரான பெருநகரிலிருந்து காஞ்சிபுரம் அப்படி ஒன்றும் தூரமில்லை. பைபாஸ் ஓரத்து ஆஸ்பத்திரிக்கு அவரைக் கொண்டுவந்தபோது, காப்பீட்டு மேஜையில் உட்கார்ந்திருந்த அருள்தாஸ்தான் எழுந்து ஓடிவந்தான். "அரசாங்கக் காப்பீட்டு கார்டு கீதா? அப்போ ஒண்ணியும் கவலப்படாத யக்கா. ஒத்த ரூபா செலவில்ல. நானும் நம்ம பக்கந்தான். எங்க சின்னம்மா பெருநகர்ல கீறாங்க" என்றான். அந்தச் சின்னம்மா வீடு எது என்று விசாரித்ததில், பாஞ்சாலி களை பறிக்கப் போகும்போது நடக்கும் தெருவுக்கு அடுத்த தெரு. அதோடு அவன் வேற்று ஆளாக இல்லாமல் போனான்.

இடுப்பு எலும்புக்குள் உலோகத் தகடு வைத்து ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அன்று சாயங்காலம் பாஞ்சாலி தட்டு எடுத்தாள்.

அவர்கள் பக்கத்தில் அது வழக்கம். போர் போட்டுத் தண்ணீர் வந்தால் போர்க்காரருக்கு, பாம்புக் கடிக்கு மருந்து கொடுத்தவருக்கு, கன்று குறுக்கே விழுந்த மாட்டைப் பிழைக்க வைத்த டாக்டருக்கு, வெற்றிலை பாக்கு பழத்தோடு தங்களால் ஆனதை வைத்துத் தட்டாகக் கொடுப்பார்கள். வாங்கிக்கொள்கிறவர் தட்டை வெறுமனே திருப்ப மாட்டார். ஒரு பழமோ, ஒரு பூவோ, அதுவும் இல்லாவிட்டால் அதிலிருந்தே இரண்டு வெற்றிலையோ வைத்துத் திருப்புவார். மனசு நிறைந்து வாங்கிக்கொண்டேன் என்று அதற்கு அர்த்தம். பாஞ்சாலி மகளிர் குழுவில் எடுத்த பத்தாயிரத்தை மஞ்சள் தடவி வெற்றிலை அடுக்குக்கு உள்ளே வைத்தாள். மேலே ஒரு ரூபாய் நாணயம். டாக்டர் அடுத்த ஆபரேஷனில் இருந்தார். "நான் சார் கையில குடுத்துடறேன் யக்கா" என்று அருள்தாஸ் தட்டை வாங்கிப் போனான். சிறிது நேரத்தில் தட்டு திரும்பி வந்தது. அதில் இந்த ஆப்பிள் இருந்தது.

"பாத்தியா, படிச்சவரு, பெரிய டாக்டரு. இருந்தாலும் மொறை தெரிஞ்சி கீது" என்று பாஞ்சாலி வார்டு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

அதற்குப் பத்து நாள் கழித்துத்தான் அருள்தாஸ் முப்பத்தெட்டாயிரம் கேட்டான்.

மகள் இளமதி உத்திரமேரூரில் ஓர் உரக்கடையில் பில் போடுகிறவள். சாயங்காலம் அதே தெருவில் கம்ப்யூட்டரில் கணக்கு எழுதும் வகுப்புக்குப் போகிறாள். அவள் கடையில் கைரேகை வைக்காமல் ஒரு மூட்டை யூரியா வெளியே போகாது. ஒரு ரூபாய் குறைத்தாலும் எதற்குக் குறைத்தோம் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். அதனால் அருள்தாஸ் தொகையைச் சொன்னதும் அவள் வாயிலிருந்து தானாக வந்த கேள்வி, "எதுக்குன்னு பில்லு குடுங்கண்ணா" என்பதுதான்.

அருள்தாஸ் சிரித்தான். "ஸ்கீம் பேஷண்டுக்குப் பில்லே கெடையாதும்மா. கவர்மெண்டு குடுக்கறது உள்ளூர் பிளேட்டுக்கு. உங்க நைனாவுக்கு வெச்சது வெளிநாட்டு பிளேட்டு. வித்தியாசத்த நீங்கதான் கட்டணும்."

"அத்த வெக்கறதுக்கு மின்னாடி எங்களக் கேக்கலியே?"

"ஆபரேஷன் டேபிள்ல படுத்துகினு கீறாரு. கதவத் தெறந்து வந்து, யம்மா எந்தப் பிளேட்டு வோணும்னு கேப்பாரா டாக்டரு? இது இன்னா பொடவக் கடையா?"

பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். இளமதிக்குக் காது சூடானது. தான் கேட்டதுதான் தப்போ என்று தோன்றியது. வார்டுக்குத் திரும்பி வரும் வழியில், தப்பில்லை, கேட்க வேண்டியதுதான் என்று தோன்றியது. கட்டிலருகே வந்து நின்றபோது மறுபடியும் தப்பு என்று தோன்றியது.

"கட்டலன்னா?" என்று கேட்டாள் பாஞ்சாலி.

"டிஸ்சார்ஜ் போட மாட்டாங்களாம்."

பச்சமுத்து கூரையில் ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதை நினைக்கிறார் என்று மற்ற இருவருக்கும் தெரியும். கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் பாங்கில் ஏறியிருந்தது. அது குத்தகைப் பணம். அவர்கள் உழுவது காஞ்சிபுரத்தில் இருக்கும் கஸ்தூரிரங்கன் என்பவரின் நிலம். நல்ல மனிதர்தான். ஆனால் தை முடிவதற்குள் குத்தகை அவர் கைக்குப் போய்விட வேண்டும். போகாவிட்டால் அந்த இரண்டு ஏக்கரைக் கேட்டு இரண்டு பேர் ஏற்கெனவே அவர் வாசலில் நிற்கிறார்கள்.

"குத்தக போச்சின்னா நான் எய்ந்து நடந்து இன்னா பண்ணப் போறேன்?" என்றார் கடைசியில். "இப்பிடியே படுத்துக்கினே இருக்கலாம்."

ஒரகடம் கம்பெனியில் ஷிப்டில் இருந்த மகன் மோகன் போனில் கத்தினான். "குட்த்துத் தொலச்சிட்டு வூட்டுக்கு இட்டுக்கினு போங்க. அவனுங்ககிட்ட போயி சட்டம் பேசிக்கினு இருந்தா, நாளைக்குக் கால் வீங்கிச்சின்னா யாரு பாப்பா? நிலம் இல்லன்னா வேற வேல."

"உனக்கு வேற வேல. நைனாவுக்கு?" என்று கேட்டாள் இளமதி. மோகனுக்குப் பின்னால் ஏதோ மணி அடித்தது. வைத்துவிட்டான்.

ஆஸ்பத்திரி வரவேற்பு அறையில் ஒரு பிளாஸ்டிக் பனைமரம் இருந்தது. அதன் ஓலைக்குப் பின்னால் ஒரு பலகை. அம்மாவுக்கு டீ வாங்கப் போனபோது இளமதி அதைக் கவனித்தாள். ஓலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு படித்தாள். 'நோயாளிகளின் உரிமைகள்' என்று போட்டிருந்தது. சிகிச்சைக்கு என்ன செலவாகும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். இனம் வாரியாகப் பில் கேட்டு வாங்கலாம். பணம் பாக்கி என்பதற்காக நோயாளியை நிறுத்தி வைக்கக் கூடாது. பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள், தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் இந்த ஆஸ்பத்திரி பதிவு செய்யப்பட்டதற்கான சான்றிதழ், முத்திரையோடு.

அவளுக்குக் குழப்பமாக இருந்தது. இத்தனையும் எழுதி இவர்களே மாட்டியிருக்கிறார்கள். எழுதியதற்கு நேர் எதிராக இவர்களே செய்கிறார்கள். அப்படியானால் இந்தப் பலகை சட்டமா, வெறும் பலகையா? காப்பீட்டுத் திட்டத்தில் வந்தவர்களுக்கும் இது உண்டா, பணம் கட்டிப் பார்க்கிறவர்களுக்கு மட்டுமா? ஓலையை விட்டாள். அது பழையபடி பலகையை மூடிக்கொண்டது.

முதலில் அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-க்குப் போன் செய்தாள். அங்கே பொறுமையாகக் கேட்டுவிட்டு, காப்பீட்டுத் திட்டத்தின் இலவச எண்ணைக் கொடுத்தார்கள். அதில் எண்களை அழுத்தி அழுத்திக் காத்திருந்து பேசினாள். ஆஸ்பத்திரி நடத்தும் விதம் பற்றிய புகார் என்றால் மாவட்டத்தில் மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்கு எழுத வேண்டும், திட்டத்தில் பணம் வாங்கியது என்றால் தாங்களே விசாரிப்போம் என்றார்கள். உங்களுடையது எது என்று கேட்டார்கள். இரண்டும்தான் என்றாள். "பணம் கட்டிட்டீங்களா, கட்டச் சொல்றாங்களா?" என்று கேட்டது அந்தக் குரல். இளமதி யோசித்தாள். முப்பத்தெட்டாயிரம் கட்டச் சொல்கிறார்கள். பத்தாயிரம்? அதைக் கட்டினோமா? வைத்தோமா? கொடுத்தோமா? அவள் வகுப்பில் பணம் வெளியே போனால் எதற்காகப் போனது என்று ஒரு தலைப்பு போட்டாக வேண்டும். இதற்கு என்ன தலைப்பு போடுவது?

"கொஞ்சம் குடுத்துட்டோம்" என்றாள்.

"ரசீது இருக்கா?"

"ஆப்பிள் இருக்கு" என்று சொல்லவா முடியும்? "இல்லைங்க" என்றாள். புகாரைப் பதிந்துகொண்டார்கள்.

அடுத்த நாள் காலை நாஷ்டா நேரத்தில் திட்ட அலுவலகத்திலிருந்து கீதா மேடம் வந்தார். தோளில் பை, வியர்த்த நெற்றி, இன்னும் இரண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அவசரம். கட்டிலருகே ஸ்டூல் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அருள்தாஸ் எங்கிருந்தோ வந்து கால்மாட்டில் நின்றான். "நீங்க கொஞ்சம் வெளியில இருங்க" என்றார் அவனிடம். அவன் கதவு வரைக்கும் போய் நின்றான்.

"அம்மா, பயப்படாம சொல்லுங்க. இங்க யாராவது உங்ககிட்ட பணம் வாங்கினாங்களா?"

பாஞ்சாலி மகளைப் பார்த்தாள். பிறகு ஆப்பிளைப் பார்த்தாள்.

"யாரும் வாங்கலம்மா."

"ம்மா!" என்றாள் இளமதி.

"சும்மா இருடி. வாங்கலியே. நாங்களாதான் டாக்டருக்குத் தாம்பூலம் வெச்சோம். என் வூட்டுக்காரர எய்ப்பி உட்டவரு. தட்டுல வெச்சத போயி, வாங்கிட்டாருன்னு நான் எப்பிடிச் சொல்வேன்? நாக்கு அயுவிடும்."

கீதா மேடம் பேனாவை மூடினார். பிறகு திறந்தார். "சரி. தாம்பூலம் வைக்கணும்னு முதல்ல சொன்னது யாரு? நீங்களா, அவங்களா?"

அந்தக் கேள்விக்குத்தான் பதில் கிடைக்கவில்லை. பெரிய டாக்டர், பார்த்துக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று அருள்தாஸ்தான் முதலில் சொன்னான் என்றாள் இளமதி. இல்லை, டாக்டருக்கு ஏதாவது மரியாதை பண்ண வேண்டாமா தம்பி என்று தான்தான் அவனை முதலில் கேட்டதாகச் சொன்னாள் பாஞ்சாலி.

"ரெண்டு பேரும் இல்ல" என்றார் பச்சமுத்து. "தோ குந்தியிருக்குதே, இந்தச் சிட்டம்மா. இதுதான் எல்லாரும் வெக்கறாங்க, நீங்களும் வெச்சிடுங்கன்னுச்சி."

"அய்ய, என்ன ஏன் இயுக்கற?" என்று சிட்டம்மாள் பதறினாள். "ஆபரேஷன் முடிஞ்சி மயக்கத்துல கெடந்தவரு நீ. உனக்கு இன்னா தெரியும்? நான் எங்காளுக்கு வெச்சேன்னுதான் சொன்னேன். உங்கள வெக்கச் சொல்லல."

"நீங்களும் வெச்சீங்களா?" என்று கீதா மேடம் அவள் பக்கம் திரும்பினார்.

சிட்டம்மாள் கதவைப் பார்த்தாள். அங்கே அருள்தாஸ் கைப்பேசியைத் தடவிக்கொண்டு நின்றான். "நான் ஒண்ணியும் வெக்கலம்மா. சும்மா பேச்சுக்குச் சொன்னேன்" என்று புருஷனின் போர்வையை இழுத்துவிடத் தொடங்கினாள்.

இளமதிக்கு இப்போது தன் நினைவின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. அருள்தாஸ் சொன்னது உண்மையில் தாம்பூலத்துக்கு முன்பா, பின்பா? முன்பு என்றுதான் இத்தனை நாள் உறுதியாக நினைத்திருந்தாள். அம்மா இவ்வளவு தெளிவாகச் சொல்கிறாளே.

அருள்தாஸைக் கூப்பிட்டு விசாரித்தபோது அவன் கையைக் கட்டிக்கொண்டு பேசினான். முப்பத்தெட்டாயிரமா? யார் கேட்டது? வெளிநாட்டுத் தகடு வைத்தால் இவ்வளவு ஆகும் என்று பேச்சுவாக்கில் சொன்னதை அந்தப் பெண் தப்பாக எடுத்துக்கொண்டது. டிஸ்சார்ஜை யார் நிறுத்தினார்கள்? தையல் பிரிக்க வேண்டும், அதற்கு டாக்டர் வர வேண்டும், அவ்வளவுதான்.

வராந்தாவில் கீதா மேடம் இளமதியிடம் தணிந்த குரலில் பேசினார். "இத பாரும்மா. பணத்துக்காகப் பேஷண்ட நிறுத்தி வைக்கக் கூடாது. அது ஒண்ணு. திட்டத்துல வந்தவங்ககிட்ட பணம் வாங்கக் கூடாது, வாங்கியிருந்தா திருப்பித் தரணும். அது இன்னொண்ணு. ரெண்டையும் நான் கேக்கலாம். ஆனா கேட்டாங்கன்னு நீ சொல்ற, கேக்கலன்னு அவர் சொல்றாரு. குடுத்தோம்னு உங்க அம்மா சொல்லிட்டாங்க. குடுத்தாங்கன்னு எழுதினா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. வாங்கினாங்கன்னு இருக்கணும்."

"குடுக்காம எப்படி மேடம் வாங்குவாங்க?"

கீதா மேடம் அவளைப் பார்த்தார். அவருக்கும் சிரிப்பு வந்தது போலிருந்தது. "இன்னும் புகாரை மூடல. அம்மா மனசு மாறினா கூப்பிடு" என்று தன் எண்ணைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார்.

அதற்குப் பிறகு அருள்தாஸ் கோபமே படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பிளாஸ்க் கழுவப் போன பாஞ்சாலியை அவன் குழாயடியில் பார்த்துப் பேசினான். "இன்னா யக்கா, நம்மூர்க்காரங்கன்னு ஓடி ஓடி செஞ்சேன். என் வேலைக்கே உல வெக்கப் பாக்கறீங்களே. சரி, உடு. பணம் உன் இஷ்டம். ஆனா நாளைக்குத் தையலு பிரிக்கணும். அப்பால மாசா மாசம் வந்து காட்டணும். உள்ள கீறது எங்க பிளேட்டு. எதுனா ஆச்சின்னா வேற எந்த டாக்டரும் கைய வெக்க மாட்டாங்க. யோசன பண்ணிக்க."

பாஞ்சாலி வந்து கட்டில் ஓரத்தில் குந்தினாள். கன்னியப்பன் ஓட்டலில் வாங்கி வந்த இட்லி அப்படியே ஆறிக்கொண்டிருந்தது.

"கட்டிடலாம் மதி."

"குத்தக?"

"அந்த நெலத்துக்கார ஐயருகிட்ட போயி கால்ல வியறேன். இல்லன்னா போவட்டும். உங்க நைனா நடக்கணும். மோகன் சொல்றதுதான் செரி. நாளிக்கு டாக்டரு தையல பிரிச்சதும் நீ பாங்குல எடுத்தாந்து கட்டிடு."

பச்சமுத்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கவில்லை. இமைக்குள் விழி அசைவது தெரிந்தது. இளமதி எதிர்த்துப் பேச வாயெடுத்தாள். தகடு உள்ளே இருக்கிறது என்பது மட்டும் அவள் படித்த எந்தப் பலகையிலும் இல்லாத விஷயம். 

மறுநாள் காலை டாக்டர் வந்தார். வடக்கே எங்கேயோ பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசினால் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பது போலிருக்கும். நர்ஸ் தையலைப் பிரிக்க, பக்கத்தில் நின்று பார்த்தார். பச்சமுத்துவின் பாதத்தை அழுத்தி, "இது தெரியுதா? இது?" என்று கேட்டார். "தெரியுது சாமி, கூசுது" என்றார் பச்சமுத்து. டாக்டர் சிரித்தார். வாக்கர் பிடித்து நாலு அடி நடக்கச் சொன்னார். நடந்தார். நாலாவது அடியில் பாஞ்சாலி அழுதுவிட்டாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலையிலேயே கழுவி வைத்திருந்த எவர்சில்வர் தட்டை எடுத்தாள். இந்த முறை வெற்றிலையும் பாக்கும் ஒரு சீப்பு வாழைப்பழமும்தான். பணம் வைக்கக் கையில் இல்லை. அருள்தாஸ் கீழே மேஜையில் இருந்தான். தட்டை அவளே இரண்டு கையாலும் நீட்டினாள்.

"இன்னிக்கு இவ்ளோதான் சாமி முடிஞ்சிது. மனசுல ஒண்ணியும் வெச்சிக்காதீங்க."

டாக்டர் குழம்பினார். "எனக்கா? எதுக்கு அம்மா? அன்னிக்கு வெத்தலை குடுத்தீங்க. போதும்."

"அது ஆபரேஷனுக்கு."

"அருள்தாஸ் கவர்ல கொண்டு வந்து குடுத்தாரு. நான் பான் போடறது இல்ல. வாட்ச்மேனுக்குக் குடுத்துட்டேன். உள்ள ஒரு ரூபாய் காயின் இருந்தது. தெரியாம வச்சிட்டீங்கன்னு நினைச்சேன்." சொல்லிக்கொண்டே வெற்றிலையையும் பழத்தையும் எடுத்து நர்ஸ் கையில் கொடுத்தார். தட்டைப் பாஞ்சாலியிடம் நீட்டினார். "நல்லா பாத்துக்கங்க. டிஸ்சார்ஜ் எழுதிட்டேன்." அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார்.

பாஞ்சாலி தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தட்டில் ஒன்றுமில்லை. குழாய்த் தண்ணீரின் ஈரம் மட்டும் வட்டமாக இருந்தது.

"மதி."

"இன்னாம்மா?"

"தட்ட வெறுமனே குடுத்துட்டாரு."

"அவருக்கு அதெல்லாம் தெரியாதும்மா. நம்மூருப் பக்கம் வழக்கம் அது."

"அதான் சொல்றேன்" என்றாள் பாஞ்சாலி. அவள் பார்வை ஜன்னல் கட்டைக்குப் போயிருந்தது. "அவருக்குத் தெரியாது. அப்போ அந்த ஆப்பிள யாருடி வெச்சது?"

சிட்டம்மாள் புருஷனுக்குக் கஞ்சி ஊட்டுவதை நிறுத்தினாள். பச்சமுத்து வாக்கரைப் பிடித்தபடி, உட்காரவும் மறந்து நின்றார். இளமதிக்குத் தலைக்குள் எல்லாமே ஒரு முறை புரண்டு விழுந்தது. டாக்டர் சொன்னது உண்மையா? கெட்டிக்காரர் என்றால் இப்படியும் சொல்லிக் கை கழுவலாமே. ஆனால் பொய் சொல்கிறவர் அந்த ஒரு ரூபாயைப் பற்றி ஏன் சொல்ல வேண்டும்? நோட்டை உருவியவன் அவசரத்தில் நாணயத்தை விட்டிருப்பானோ? அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பாஞ்சாலி ஆப்பிளை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டு படியிறங்கத் தொடங்கிவிட்டாள்.

காப்பீட்டு மேஜைக்கு முன்னால் வரிசை. முன்னால் நின்ற பெண் மார்போடு ஒரு மஞ்சள் பையை அணைத்துக்கொண்டிருந்தாள். பையின் வாயில் வெற்றிலைக் காம்புகள் தெரிந்தன. பாஞ்சாலி அவளைத் தாண்டிப் போய், தட்டை அருள்தாஸின் கீபோர்டு மேலேயே வைத்தாள். ஆப்பிள் உருண்டு விளிம்பில் முட்டி நின்றது.

"தம்பி, இது உன் ஆப்பிளு. நீயே வெச்சிக்க."

"இன்னா யக்கா இது? டாக்டரு குடுத்தது..."

"டாக்டருக்குத் தட்டத் திருப்பவே தெரியல. மொறை தெரிஞ்சவன் நீதான். எங்க சின்னம்மா பெருநகர்ல கீறாங்கன்னு சொன்னியே, நெஜந்தான். அங்கத் துண்ணு வளந்தவனுக்குத்தான் இது தெரியும்."

"யக்கா, மெதுவாப் பேசு. ஆளுங்கோ கீறாங்க."

"இருக்கட்டுமே." பாஞ்சாலி மஞ்சள் பைக்காரியின் பக்கம் திரும்பினாள். "எந்த ஊரும்மா?"

"புள்ளலூரு" என்றாள் அவள் பயந்து.

"டாக்டருக்கா அது?"

அந்தப் பெண் பையை இன்னும் இறுக்கிக்கொண்டு தலையசைத்தாள்.

"வெறும் வெத்தலயா இருந்தா நீயே கையில குடு. வேற எதுனா வெச்சிருந்தா வூட்டுக்கு எடுத்துக்கினு போ."

அருள்தாஸ் எழுந்தான், உட்கார்ந்தான். யாருக்கோ போன் போட்டான். எதிர்முனையில் எடுக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, டிஸ்சார்ஜ் தாளை எடுத்துத் தானாகவே, பின்னால் ஓடி வந்து நின்ற இளமதியிடம் நீட்டினான். "பணமெல்லாம் ஒண்ணியும் வோணாம். ஆம்புலன்சு சொல்லிடறேன். ஏறிப் போய்க்கினே இருங்க. இதோட உட்டுடுங்க யக்கா. எனக்கும் ரெண்டு பொட்டப் புள்ளைங்க கீது."

இளமதி தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கையெழுத்து இருந்தது, முத்திரை இருந்தது. குத்தகைப் பணம் பாங்கில் அப்படியே இருக்கிறது. அப்பா நடக்கிறார். வேண்டியது கிடைத்துவிட்டது போலத்தான் இருந்தது. இதோடு விட்டுவிடலாமா? அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. பத்தாயிரத்தையும் இவன் ஒருவனே எடுத்தானா, இவனுக்கு மேலே யாராவது இருக்கிறார்களா? அடுத்த மாதம் காட்ட வரும்போது இதே படிதான் ஏற வேண்டும்.

"ம்மா, போயிடலாமா?" என்று கேட்டாள்.

பாஞ்சாலி வரிசையில் நின்றவர்களைப் பார்த்தாள். மஞ்சள் பைக்காரி பைக்குள் கைவிட்டு எதையோ எடுத்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டிருந்தாள்.

"அந்த மேடத்துக்குப் போன் போடு."

வெளியே வாசல் நிழலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. அப்பாவை இறக்கிக்கொண்டு வந்தார்கள். சிட்டம்மாள் அவர் பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். கீதா மேடம் போனை எடுத்ததும் இளமதி வரிசையாக எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அது அவளுக்கே வேடிக்கையாகக் கேட்டது. தட்டு, வெற்றிலை, ஒரு ரூபாய், ஆப்பிள். இதில் எது சாட்சி? எது எந்தச் சட்டத்தில் வரும்?

"எல்லாம் சரிம்மா. விசாரணையில திரும்ப அதத்தான் கேப்பாங்க" என்றார் கீதா மேடம். "முதல்ல சொன்னது யாரு? அவரு கேட்டு நீங்க குடுத்தீங்களா, நீங்களா குடுத்தீங்களா? அம்மாகிட்ட குடு."

பாஞ்சாலி போனைக் காதில் வைத்துக்கொண்டாள். ஆப்பிளை மேஜையிலேயே விட்டுவிட்டு எடுத்து வந்த காலித் தட்டை இடுப்பில் இடுக்கியிருந்தாள்.

"அத்த எத்தினி வாட்டி கேட்டாலும் எனக்குத் தெரியாது மேடம். யாரு மொதல்ல சொன்னாங்க, நானா, அவனா, இந்தச் சிட்டம்மாவா, சாமி சத்தியமா நெனப்பு இல்ல. ஆனா ஆப்பிள் வெச்சது அவன். டாக்டருக்குன்னு நான் குடுத்தேன். டாக்டர் மாதிரி அவன் வாங்கிக்கினான். நான் குடுத்தது வேற, அவன் வாங்குனது வேற. அத்த எயுதிக்கங்க."



"நானும் வெச்சேன்னு எயுதிக்கச் சொல்லு" என்றாள் சிட்டம்மாள், பிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டு. "எனக்கு ஆரஞ்சிப் பயம் வந்துச்சி. நாங்க துண்ணுட்டோம்."

"பாத்தியா" என்றார் பச்சமுத்து ஸ்ட்ரெச்சரிலிருந்து. "நல்ல வேள, என்னத் துண்ண உடல."

போனில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "இருங்கம்மா, புதுசா எழுதறேன்" என்றார் கீதா மேடம். "ஆரம்பத்துலேர்ந்து மெதுவா சொல்லுங்க. அவரு டிராக்டர்லேர்ந்து விழுந்தாரு. அப்புறம்?"

பாஞ்சாலி ஆம்புலன்ஸின் பின்படியில் உட்கார்ந்தாள். தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். "மாட்ட கட்டிட்டியான்னு கேட்டாரு மேடம்" என்று தொடங்கினாள்.